அத்தியாயம் 9: இக்னிஷனுக்குள் முறிந்த சாவி

கம்மாபுரம் கடைத்தெருவில் காரை நிறுத்தியவர் கையில் சாவியின் தலை மட்டும் தனியாக வந்துவிட்டால், கூப்பிடாமலே நாலு பேர் உதவிக்கு வருவார்கள். அந்த நாலு பேரிடமிருந்து பூட்டைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை. ஒருவர் துண்டை நெம்பி எடுக்க ஸ்க்ரூ டிரைவரை நீட்டுவார். இன்னொருவர், "அண்ணே, ஃபெவிக்விக் ஒரு சொட்டு வச்சு ஒட்டி இழுத்துடலாம்ண்ணே" என்பார். மூன்றாமவர் பெட்டிக்கடையிலிருந்து தேங்காய் எண்ணெயோடு ஓடிவருவார். நாலாமவர் வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்கச் சொல்வார். நாலு யோசனையும் தப்பு. முறிந்த துண்டை எடுப்பது பெரும்பாலும் கால் மணி, அரை மணி வேலை. அது சில நூறு ரூபாயோடு முடியுமா, லாக் செட் மொத்தத்தையும் மாற்றும் செலவாகுமா என்பது சாவி முறிந்த முதல் பத்து நிமிடத்தில் அதைத் தொட்டவர்களைப் பொறுத்தது.

உள்ளே இருப்பது

இக்னிஷன் பூட்டுக்குள் ஒரு உருளை இருக்கிறது. மெக்கானிக்குகள் இதை பேரல் என்பார்கள். அந்த உருளையில் வரிசையாக மெல்லிய பித்தளைத் தகடுகள், பெரும்பாலான கார்களில் ஏழு முதல் பத்து வரை, ஒவ்வொன்றும் ஒரு சிறு ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்கும். சாவி இல்லாதபோது தகடுகளின் முனை உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, சுற்றியுள்ள கூட்டின் பள்ளத்தில் மாட்டியிருக்கும். அதனால் உருளை சுற்றாது. சரியான சாவி நுழைந்ததும் அதன் மேடு பள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் உரிய அளவுக்கு உள்ளிழுத்து உருளையோடு சமமாக்குகின்றன. அப்போதுதான் திருப்ப முடியும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிய வேண்டும். துண்டைப் பிடித்து வைத்திருப்பவை அந்தத் தகடுகளும் ஸ்பிரிங்குகளும்தான். அவற்றின் பிடி பலமானதல்ல, நேராக இழுத்தால் விட்டுவிடும். அடுத்தது, சாவி லாக் நிலையில் இருந்தால் மட்டுமே வெளியே வரும். ஆன் நிலையில் கூட்டின் சுவர் தகடுகளை அமுக்கி வைத்திருப்பதால், சாவியின் மேடுகள் நகரும்போது தகடுகள் விலகி வழிவிட இடமில்லை. ஆன் நிலையில் முறிந்த துண்டை எத்தனை நேரம் நோண்டினாலும் அது வராததன் காரணம் இதுதான். பலர் பொறுமை இழந்து பூட்டை உடைப்பதும் இந்த இடத்தில்தான்.

ஏன் முறிகிறது

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மாங்காய்ப் பூட்டின் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தால் தடித்த இரும்பு. குழந்தை எடுத்து எறிந்தாலும் வளையாது. கார் சாவியோ இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பித்தளைப் பட்டை. அதிலும் ஓரங்களைக் கடித்து எடுத்திருக்கிறோம். இப்படிப்பட்ட பட்டையின் தலையில் நாம் ஏற்றியிருக்கும் வேலையோ கொஞ்சநஞ்சமல்ல.

ஆரம்பத்தில் இது இப்படி இல்லை. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-இல் காடிலாக் கார்களில் வந்தபோது கைப்பிடி போட்டுச் சுற்றும் பாடு ஒழிந்தது. அதற்குப் பிறகும் வெகுகாலம் சாவி மின்சாரத்தைத் திறந்துவிட மட்டும்தான்; செல்ஃப் எடுக்கத் தனியே ஒரு பொத்தானோ மிதியோ இருந்தது. சாவியைத் திருப்பியே ஸ்டார்ட் செய்யும் வசதியை கிரைஸ்லர் 1949-இல் கொண்டுவந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் சாவி ஒரு ஸ்பிரிங்கை எதிர்த்து முறுக்கப்படுகிறது. பிறகு ஸ்டியரிங் லாக்கும் அதே உருளையோடு சேர்ந்தது. அமெரிக்காவில் 1970-லிருந்து, சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கோ வண்டியோ நகரக்கூடாது என்பது விதியானது.

சாவி முறிவதற்கு இந்த ஸ்டியரிங் லாக்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றியோ, முழுக்கத் திருப்பியோ நிறுத்தியிருப்போம். டயரின் இறுக்கம் ஸ்டியரிங் வழியாக லாக்கின் இரும்பு நாக்கில் பாரமாக உட்கார்ந்திருக்கும். காலையில் வந்து திருப்பினால் சாவி அசையாது, பலம் கொடுப்போம். செய்ய வேண்டியது வேறு: இடது கையால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிக்கொண்டே வலது கையால் சாவியை மெல்லத் திருப்ப வேண்டும். பாரம் விலகும் நொடியில் சாவி தானே சுழலும்.

அடுத்த குற்றவாளி சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, பீரோ சாவி, மோட்டார் கொட்டகைச் சாவி, பைக் சாவி, போதாததற்கு ஒரு பித்தளைப் பிள்ளையார். இவ்வளவும் இக்னிஷனில் தொங்கி, குண்டும் குழியுமான சாலையில் ஆடிக்கொண்டே வருகின்றன. பித்தளை வளைய வளையக் கெட்டிப்படும், கெட்டிப்பட்டதும் விரிசல் விடும். தலைக்கு அடுத்து வரும் முதல் வெட்டில், அதாவது பட்டை குறுகத் தொடங்கும் இடத்தில், மயிரிழைபோல ஒரு கோடு முதலில் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கே படும். அந்தக் கோடு தெரிந்த அன்றே டூப்ளிகேட் போட்டுவிட்டால் இந்த அத்தியாயமே தேவையில்லை.

கடைசியாகப் புழுதி. இந்த வட்டாரத்துக்கு இது தனிச் சங்கதி. விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளின் வெள்ளை மண், நெய்வேலி சுரங்கப் பக்கம் ஓடும் லாரிகள் கிளப்பும் தூசி, அறுவடை நேரத்துப் பதர் எல்லாம் கண்ணாடி இறக்கிய காருக்குள் வந்து படிகின்றன. பீங்கானுக்குக் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேரும். குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. பித்தளை ஏறத்தாழ 3. சாவி உள்ளே போய்வரும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தூள் பித்தளையைத் தேய்க்கிறது. உலர்ந்த தூசியாக இருந்தால் ஊதினால் போய்விடும். எண்ணெய் விட்டால் போகாது. களிமண்ணைக் குழைத்தால் என்ன ஆகும் என்பதை விருத்தாசலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சாவித்துளைக்குள்ளும் அதே குழைவுதான் உண்டாகி, தகடுகளை அவற்றின் பள்ளத்தில் ஒட்டவைக்கிறது.

முறிந்தவுடன்

கையை எடுங்கள். சாவியின் தலையைச் சட்டைப்பையில் போடுங்கள். அதைத் தொலைத்தால் இன்னொரு வில்லங்கம் உண்டு, பின்னால் சொல்கிறேன். வண்டி சமதளத்தில் இருக்கிறதா பாருங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு ஒரு செங்கல் வையுங்கள். பிறகு பூட்டு எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் ஆன். பாட்டு மட்டும் கேட்டால் அக்சஸரி. எதுவுமே இல்லையென்றால் அநேகமாக லாக்.

சாவி பெரும்பாலும் ஸ்டார்ட் எடுக்கும் முறுக்கில்தான் முறியும். எஞ்சின் பிடித்துக்கொண்டு, உருளை ஸ்பிரிங் பலத்தில் ஆன் நிலைக்குத் திரும்பியிருந்தால் பதற ஒன்றுமில்லை. எஞ்சின் ஓடும். துண்டு தகடுகளைப் பிடித்து வைத்திருப்பதால் ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளாது. யாரும் சாவித்துளையில் கைவைக்காமல் நேராக வீட்டுக்கோ, விருத்தாசலத்தில் தெரிந்த சாவிக்காரரிடமோ ஓட்டிக்கொண்டு போவதே நல்லது. வழியில் நிறுத்தினால் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம்.

எஞ்சின் பிடித்த பிறகும் செல்ஃப் மோட்டார் கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தால் உருளை ஸ்டார்ட்டிலேயே சிக்கியிருக்கிறது. இங்கே மட்டும்தான் அவசரம். தட்டை முனை ஸ்க்ரூ டிரைவரைச் சாவித்துளையின் வாயில் வைத்துப் பின்பக்கமாகத் திருப்பி விடுவித்தாக வேண்டும். எஞ்சின் பிடிக்காமல் மோட்டார் மட்டும் ஓடினால் உடனே பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றாதீர்கள்; ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் திடீரென்று ஏறி எலக்ட்ரானிக் பாகங்களைக் கருக்கிவிடும்.

ஓடும் எஞ்சினை நிறுத்த வேண்டுமானால், கியர் வண்டியில் பிரேக்கை முழுக்க மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விடுங்கள். குலுங்கி நின்றுவிடும். நின்ற பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள், இக்னிஷன் ஆன் நிலையில் கிடந்தால் பேட்டரி இறங்கிவிடும்.

இனி உருளையை லாக் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் கியர் நெம்புகோல் பார்க்கிங் நிலையில் இருந்தாக வேண்டும், இல்லையேல் லாக் வராது. பேட்டரியைக் கழற்றியிருந்தால் இதற்காகத் திரும்ப மாட்ட வேண்டிவரலாம். மெல்லிய தட்டை ஸ்க்ரூ டிரைவரின் முனையைத் துளையின் விளிம்பில் மட்டும் பதித்து, துண்டை உள்ளே தள்ளாமல் திருப்புங்கள். பல கார்களில் அக்சஸரியிலிருந்து லாக்குக்கு வரும்போது சாவியை உள்ளே அழுத்தித் திருப்பும் பழக்கம் இருக்கும். உங்கள் வண்டி அப்படியானால் சாவியை அழுத்தியதுபோலவே உருளையின் முகத்தை அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். லாக் வந்தது ஸ்டியரிங்கை ஆட்டினால் தெரியும்.

வெளியே எடுப்பது

தேவையானவை அதிகமில்லை: ஒரு டார்ச், ஒரு நோஸ் பிளையர், கூர்முனை இடுக்கி, கொஞ்சம் கிராஃபைட் பொடி, மெல்லிய ரம்ப இழை இரண்டு. ரம்ப இழைக்கு நகைப் பட்டறையைத் தேடிப் போங்கள். ஆசாரிகள் தகடு அறுக்கும் இழை சாவித்துளையில் தாராளமாக நுழையும். ஆக்சா பிளேடு பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். அது பெரும்பாலான சாவித்துளைகளுக்கு அகலம் அதிகம். ஊக்கு, கொண்டை ஊசி வேண்டாம். அவையும் உள்ளே முறிந்தால் எடுக்க வேண்டியது இரண்டாகிவிடும். காந்தத்தைத் தேட வேண்டாம். கையிலிருக்கும் சாவித் தலையோடு ஒட்டியிருக்கும் உலோகத்தில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். பித்தளையாக இருந்தால் பிடித்து இழுக்கும் அளவுக்கு ஒட்டாது.

கிராஃபைட் பொடி ஹார்டுவேர் கடையில் கிடைக்காவிட்டால் பென்சிலைச் சுரண்டலாம் என்பார்கள். செய்யலாம், ஒரு சிக்கலோடு. பென்சில் குச்சி சுத்த கிராஃபைட் கிடையாது. நிக்கோலா ழாக் கோந்தே என்ற பிரெஞ்சுக்காரர் 1795-இல் காப்புரிமை பெற்ற முறைப்படி, கிராஃபைட் பொடியோடு களிமண்ணைக் குழைத்துச் சூளையில் சுட்டுத்தான் இன்றும் பென்சில் செய்கிறார்கள். பூட்டுக்குள் போகக்கூடாத பொருளையே நாம் சுரண்டிப் போடுவதாக ஆகும். கடினமாக எழுதும் பென்சிலில் மண் அதிகம். ஓவியம் வரையும் மெத்தென்ற, கருப்பு மிகுந்த பென்சிலில் குறைவு. வேறு வழியில்லாதபோது பின்னதைச் சுரண்டுங்கள். எதுவானாலும் ஒரு சிட்டிகை போதும். கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். பூட்டுக்குப் பின்னால்தான் இக்னிஷன் ஸ்விட்ச் இருக்கிறது.

துண்டு வெளியே ஒரு மில்லிமீட்டராவது நீட்டிக்கொண்டிருந்தால் நோஸ் பிளையரால் பிடியுங்கள். உள்ளே போன கோட்டிலேயே திரும்ப இழுங்கள். மேலும் கீழும் துளி அசைக்கலாம், பக்கவாட்டில் முறுக்கக் கூடாது. பிடி வழுக்கினால் பிளையர் முனையைத் துடைத்துவிட்டுத் திரும்ப முயலுங்கள். அவசரத்தில் தள்ளிவிட்டால் துண்டு உள்ளே போய்விடும்.

விளிம்போடு சமமாகவோ சற்று உள்ளேயோ முறிந்திருந்தால் ரம்ப இழைதான் வழி. இழையின் பற்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று முதலில் நகத்தில் உரசிப் பாருங்கள். உள்ளே போகும்போது வழுக்கி, வெளியே இழுக்கும்போது கடிக்கிற பக்கமாக அது இருக்க வேண்டும். பற்கள் சாவித் துண்டின் வெட்டுப் பக்கத்தைப் பார்க்கும்படி இழையைத் துண்டின் ஓரத்தோடு உள்ளே விடுங்கள். பத்துப் பதினைந்து மில்லிமீட்டர் போனதும் இழையைச் சற்றே துண்டின் பக்கம் சாய்த்து, நிதானமாக வெளியே இழுங்கள். ஒரே இழுப்பில் வராது. கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று நகரும். நழுவினால் திரும்பவும் உள்ளே விட்டு இழுங்கள். இரண்டு பக்கமும் வெட்டுள்ள சாவியானால் இரண்டு இழைகளை மேலும் கீழும் விட்டுச் சேர்த்து இழுப்பது இன்னும் நல்லது. இழையின் வெளிமுனைகளை பிளையரில் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளலாம். துண்டின் முனை வெளியே எட்டிப் பார்த்ததும் இழையை விட்டு நோஸ் பிளையருக்கு மாறுங்கள்.

புதிய கார்கள் சிலவற்றின் சாவியில் ஓரம் நேராக இருக்கும். முகத்தில் பாம்புபோல ஒரு பள்ளம் ஓடும். அதில் இழையை ஓரத்தில் விட்டுப் பயனில்லை, அந்தப் பள்ளத்துக்குள்தான் விட வேண்டும். பட்டை தடிமன் என்பதால் இந்த வகை முறிவதும் குறைவு.

நகராவிட்டால் ஸ்க்ரூ டிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் பூட்டின் முகத்தை நாலு தட்டு தட்டுங்கள். அதிர்வில் தகடுகள் இளகும். ஸ்டியரிங் தண்டை அடிக்கக் கூடாது, அதன் மூடியைக் கழற்றவும் கூடாது. ஏர்பேக் உள்ள வண்டியில் அந்தப் பகுதி விவரம் தெரிந்த மெக்கானிக்கின் வேலை.

ஃபெவிக்விக் யோசனைக்கு வருகிறேன். குச்சி முனையில் பசை தடவி, துண்டில் ஒட்டி இழுப்பது திட்டம். கேட்க அழகாக இருக்கும். இந்தப் பசை மெல்லியது, இடுக்கில் தானே ஊர்ந்து போகும், சாவித் துண்டை உருளையோடும் தகடுகளோடும் சேர்த்து ஒட்டிவிடும். அதன் பிறகு எந்தச் சாவிக்காரரும் பூட்டைக் காப்பாற்ற முடியாது. வீட்டிலிருந்து கொண்டுவரும் இன்னொரு சாவியும் இதே ரகம்: முறிந்த துண்டைப் பூட்டின் அடிவரை தள்ளி முடுக்கிவிடும்.

இரண்டு சக்கர வண்டிக்கும் வழி இதேதான். ஒரே வித்தியாசம், பைக்கில் சாவித்துளை வானம் பார்த்திருக்கும். மழைநீரும் மண்ணும் நேரே உள்ளே இறங்கும். முதலில் சைக்கிள் பம்பால் நன்றாக ஊதிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

வராவிட்டால்

அரை மணி நேரம் முயன்றும் நகரவில்லையென்றால் நிறுத்துங்கள். சாவிக்காரரிடம் இதற்கென்றே கொக்கி முனையும் திருகு முனையும் கொண்ட கம்பிகள் இருக்கும். அவரை வண்டி இருக்கும் இடத்துக்கு அழைத்து வருவதே முறை. வரும்போது ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்து வையுங்கள். அவற்றைக் கேட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குபவரையே நம்புங்கள்.

ஒரு குறுக்கு வழி உண்டு. துண்டு முழுவதும் உள்ளே சரியான ஆழத்தில் உட்கார்ந்திருந்தால், தட்டை ஸ்க்ரூ டிரைவரால் உருளையைத் திருப்பி வண்டியை எடுத்துவிடலாம், தகடுகளைத்தான் துண்டு பிடித்திருக்கிறதே. ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றிய நேரத்தில் இதைச் செய்யுங்கள். மற்ற நேரத்தில் வேண்டாம். துண்டை ஆழத்துக்குத் தள்ளிவிடும் அபாயமும் உருளையின் வாய் சிதையும் அபாயமும் இதில் இருக்கின்றன.

வெளியே வந்த பிறகு

துண்டையும் தலையையும் ஒரு காகிதத்தில் சேர்த்து மடித்து வையுங்கள். முறிந்த முகங்கள் தேயாமல் இருந்தால் இரண்டையும் பொருத்தி, அதைப் பார்த்துப் புதிய சாவி வெட்ட முடியும். ஒட்டி மறுபடியும் பூட்டில் போட வேண்டாம். ஆனால் பதினைந்து வருடம் தேய்ந்த சாவியைப் பார்த்து வெட்டினால் தேய்மானத்தையும் சேர்த்தே வெட்டுவார்கள். வீட்டில் அதிகம் புழங்காத இரண்டாவது சாவி இருந்தால் அதையே கொடுங்கள். கார் வாங்கியபோது சாவியோடு எண் பொறித்த சிறு தகடு ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்துப் புதிய சாவியின் அளவிலேயே வெட்டித் தர முடியும். பலர் அதைச் சாவிக்கொத்திலேயே மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். வீட்டு பீரோவில் வையுங்கள், எண்ணைத் தனியே எழுதியும் வையுங்கள்.

தலையைத் தொலைக்காதீர்கள் என்று சொன்னது இதற்காகத்தான். இம்மொபிலைசர் உள்ள கார்களில் சாவித் தலையின் பிளாஸ்டிக்குக்குள் அரிசிமணி அளவில் ஒரு சிப் இருக்கும். அதற்கு பேட்டரி இல்லை. இக்னிஷனைச் சுற்றியுள்ள வளையக் கம்பிச் சுருள் அனுப்பும் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். எண் பொருந்தாவிட்டால் செல்ஃப் எடுத்தாலும் எஞ்சின் பிடிக்காது, அல்லது பிடித்து உடனே அணைந்துவிடும். டேஷ்போர்டில் சாவி வடிவ விளக்கு மினுக்கும். ரிமோட்டுக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி கதவைத் திறப்பதற்கானது. அதை மாற்றிவிட்டு எஞ்சின் பிடிக்கும் என்று காத்திருந்தவர்கள் உண்டு.

ஆகவே வெறும் பட்டை வெட்டிய டூப்ளிகேட்டால் கதவைத் திறக்கலாம், உருளையைத் திருப்பலாம், வண்டி ஓடாது. பழைய தலையைச் சாவித்துளையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு புதிய பட்டையால் திருப்பினால் ஓடும். இரண்டொரு நாளைக்கு அது போதும். நிரந்தரமாக, பழைய தலையின் சிப்பைப் புதிய சாவியின் கூட்டுக்கு மாற்றச் சொல்லலாம், செலவு குறைவு. தலை தொலைந்துவிட்டால் புதிய சிப்பை வண்டியின் கம்ப்யூட்டரோடு பதிவு செய்ய வேண்டும். அதற்கான கருவி ஷோரூமிலும் கார் சாவி வேலையே செய்யும் சில கடைகளிலும்தான் இருக்கும். காப்பீட்டில் சாவி மாற்றுவதற்கான கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்கிறீர்களா என்று பணம் கட்டும் முன் பாலிசியைப் புரட்டிப் பாருங்கள்.

புதிய சாவியைக் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். வெட்டிய ஓரங்களில் விரலை ஓட்டினால் பிசிர் நெருடக் கூடாது. நெருடினால் அரம் போட்டுத் தரச் சொல்லுங்கள், அந்தப் பிசிர் பூட்டுக்குள் உதிரும். பூட்டை ஊதிச் சுத்தம் செய்து, சாவியில் கிராஃபைட் தொட்டு நாலைந்து முறை போட்டு எடுங்கள். லாக், அக்சஸரி, ஆன், ஸ்டார்ட் நான்கிலும் திருப்பிப் பாருங்கள். ஓட்டுநர் கதவிலும் டிக்கியிலும் போட்டுப் பாருங்கள். இக்னிஷனில் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால், டிக்கி திறக்காத சேதி ஊருக்கு வந்து சாமான் இறக்கும்போதுதான் தெரியும்.